இடது பின்கதவு

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்று
என்றது பெட்டியோடு வந்த காகிதம்.
கழற்றினேன். கார் சட்டென்று
யாருடையதும் இல்லை என்பதுபோல் நின்றது.

புவெப்லோவில் அக்டோபர்.
தெருவெல்லாம் பச்சை மிளகாய் வாட்டும் புகை.
எஃகு ஆலைப் பக்கம் ஒரு சரக்கு ரயில்
முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.
இரவு ஷிஃப்ட் முடிந்தும் தூங்காத கண்களோடு
பழைய ப்யூக்கின் வயிற்றுக்குள்
தலைகீழாகக் கிடக்கிறேன்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

எஞ்சினுக்கும் என் கால் படும் இடத்துக்கும் நடுவே
இரும்புச் சுவர். அதில் ஒரு ரப்பர் வளையம்.
சிவப்பு ஒயர் அதற்குள் நுழைந்து வரவேண்டும்.
துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி
நுனியில் ஒயரைக் கட்டிக் குத்தினேன்.
தவறு. மறுபடி. தவறு.
முக்கால் மணி கழித்து
பிரேக் மிதிக்கு அடியிலிருந்து
ஒரு சிவப்பு நாக்கு எட்டிப் பார்த்தபோது
ஆளில்லாத காரில் சத்தமாகவே சொன்னேன்:
வா, வா, வா.

மின்சாரம் போகும் ஒயர் இடப்பக்கம்,
பாட்டு போகும் ஒயர் வலப்பக்கம்.
சேர்த்துப் போட்டால் காதில் கொசு ரீங்கரிக்குமாம்.
பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிபோல்
இரண்டையும் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தேன்.
அதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

எர்த் பிடிக்க வெற்று உலோகம் வேண்டும்.
டிக்கியின் மூலையில் பெயின்ட்டை
உப்புத்தாளால் தேய்த்தேன்.
நகப்பூச்சும் கூடவே போனது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணவில்லை.
பத்தாம் நம்பர் ஸ்பேனரை எப்போதுமே காணவில்லை.

பன்னிரண்டு அங்குலக் கருங்கூம்பைப்
பெட்டிக்குள் இறக்கி எட்டுத் திருகாணி.
மைனஸை மாட்டி இடுக்கியால் முறுக்கினேன்.
சின்னப் பொறி.
டிக்கிக்குள் ஒரு நீல விளக்கு கண் திறந்தது.

கேட்கவில்லை, முதலில்.
முதுகெலும்பு இருக்கையிடம்
எதையோ கைமாற்றாக வாங்கியது.
பின்பார்வைக் கண்ணாடியில் தெரு
தண்ணீருக்கடியில் போனது.
பிறகுதான் தகரம்.
இந்த வண்டியின் இருபத்தாறு வருடத் தளர்ச்சியும்
ஒரே நேரத்தில் வாய் திறந்தது.

டீனா கொச்சவார் வீட்டுச் செருப்போடு வந்தாள்.
"என் காபிக் கோப்பை மேசைமேல நடக்குது, தெரியுமா?"
குமிழைத் திருப்பக் கை நீட்டினேன்.
"நிறுத்தாதே. நம்பர் பிளேட் ஆடுது.
நான் பிடிச்சுக்கிறேன், நீ போடு."

பிடித்தாள். ஒன்று அடங்கியது.
டிக்கி மூடியில் ஏறி உட்கார்ந்தாள். இன்னொன்று.
ஸ்டெப்னியின் நட்டு. சீட் பெல்ட்டின் கொக்கி.
டேஷ்போர்டுக்குள் பழைய அபராதச் சீட்டுகளின் நடுவே
ஒரு பேனா.
மிச்சம் ஒன்றே ஒன்று, அரிசிமணி அளவு ஒலி,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் பிந்தி:
கிலுக்.

கதவு கதவாகக் காதை வைத்துக்கொண்டு போனாள்.
"இங்கே."

இடது பின்கதவின் உள்பலகையைக் கழற்றினோம்.
தூசி. வறண்டுபோன ஒரு திராட்சை.
ஒரு பால்பல்.

இதை விற்றவன் மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில்
ரொக்கத்தை எண்ணினான், முகம் நிமிராமல்.
பிள்ளை உண்டென்று அவன் சொல்லவில்லை.
நானும் எத்தனை மைல் ஓடியது என்றுதான் கேட்டேன்.

எங்கள் வீட்டில் பால்பல்லை எலி எடுத்துப்போகும்,
டீனா வீட்டில் தேவதை.
இரண்டுக்குமே இந்தக் கதவுக்குள் வழி தெரிந்திருக்காது.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.
"தூக்கிப் போடப் போறியா?"

ஸ்பீக்கரோடு வந்த நுரையில்
ஒரு துண்டு கிள்ளினேன்.
பல்லை அதில் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி,
இருந்த இடத்திலேயே வைத்துப்
பலகையை மூடினேன்.

மறுபடி போட்டபோது
கிலுக் இல்லை.
அவள் வீட்டு மேசையில் மட்டும் அந்தக் கோப்பை
விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கும்.
டீனா அந்தப் பக்கம் திரும்பவில்லை.
செருப்போடு முன்சீட்டில் ஏறி,
"சரி, எடு" என்றாள்.